அடக்கவிலையாரின் பட்டறை

சொந்த வீட்டில் ஒரு மனிதர், "இங்கே என்ன செய்றீங்க" என்று யாரும் கேட்காத ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு விலை, இன்றைய நிலவரப்படி, பதினோராயிரத்து இருநூற்று நாற்பது. இது பேரம் பேசத் தெரிந்தவருக்கான விலை. தெரியாதவர்கள் மேலே ஐந்தாறாயிரம் போட்டுக்கொள்ளலாம்.

அந்த விலையைக் கொடுத்தவரைக் கடைத்தெருவில் அடக்கவிலையார் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் உயிரோடு இருந்தது. நாற்பது வருடம் பாத்திரக்கடை நடத்தியவர். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நெஞ்சில் கைவைத்து, "உங்க முகத்துக்காக அடக்க விலைக்கே தரேன், எனக்கு இதுல ஒரு காசு மிச்சமில்ல" என்பார். ஒரு காசு மிச்சமில்லாத அந்த வியாபாரத்தில்தான் மாடி வீடு எழுந்தது, மகளின் கல்யாணம் நடந்தது, மகன் மேல்படிப்பு படித்துவிட்டு வந்து கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டான்.

கண்ணாடிக் கதவோடு விலைச்சீட்டும் வந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் பின்புறத்திலும் ஒரே விலை, பேரம் கிடையாது. ஒருநாள் மூலையில் உட்கார்ந்திருந்த அடக்கவிலையாரிடம் ஓர் அம்மாள் ஒரு வாணலியைக் காட்டி விலை கேட்டார். கை தானாக நெஞ்சுக்குப் போனது. "ஆயிரத்து இருநூறு. உங்களுக்காக ஆயிரம்" என்றார். அந்த அம்மாள் வாணலியைத் திருப்பிக் காட்டினார். அறுநூற்றைம்பது என்று ஒட்டியிருந்தது. அன்று மாலை மகன் மிகவும் மரியாதையாக, "அப்பா, நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்களேன்" என்றான்.

வீட்டில் ரெஸ்ட் எடுப்பது கடை நடத்துவதைவிடக் கஷ்டம் என்று அவருக்கு அதற்கு முன் தெரியாது. கூடத்தில் உட்கார்ந்தால் "காலைத் தூக்குங்க, கூட்டணும்" என்பாள் மனைவி. வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் "உடம்புக்கு என்ன?" என்பார்கள். அடுக்களையில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள், "எண்ணெயைப் பாத்து ஊத்து. போன மாசத்துக்கு இந்த மாசம் விலை ஏறியிருக்கு" என்றார். மனைவி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அத்தோடு அந்த இடமும் போயிற்று.

அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் மனைவியின் தம்பி. முப்பது வருடம் பிளைவுட் விற்றவர், எல்லா மரத்தின் விலையும் தெரியும், ஒரு மரத்திலும் ஆணி அடித்ததில்லை. இன்னொருவர் பழைய இரும்பு வாங்கி விற்றவர். எதைப் பார்த்தாலும் கையில் தூக்கி எடை சொல்லுவார் என்பதால் தராசு என்று பெயர். இருவரையும் அவரவர் பிள்ளைகள் இதே மரியாதையோடுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூவரும் சில காலம் வங்கியில் போய், டோக்கன் எடுத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். எண் வந்தால் வேறு டோக்கன் எடுப்பார்கள். ஒருநாள் காவலாளி வந்து, "பெரியவங்களா, உங்களால இன்னிக்கு டோக்கன் சீட்டே தீந்துபோச்சு" என்றார். அந்தக் கடையும் மூடிற்று.

அப்போதுதான் அடக்கவிலையாரின் கண் கார் ஷெட்டின் மேல் விழுந்தது. வீடு கட்டும்போது கார் வாங்குவதாக ஒரு எண்ணம். கார்க்காரர் விலையில் இறங்கி வரவில்லை. ஷெட் மட்டும் நின்றது. உள்ளே காலி அட்டைப்பெட்டிகளும் ஓர் எலிக் குடும்பமும் இருந்தன.

சும்மா உட்கார இடம் வேண்டும் என்று கேட்டால் எந்த வீட்டிலும் கிடைக்காது. வேலை செய்ய இடம் வேண்டும் என்றால் யாரும் மறுக்க முடியாது. நாற்பது வருட அனுபவம் சொன்னது அது. ஆகவே அவர் கேட்டது பட்டறை.

"தச்சுவேலை கத்துக்கப் போறேன்" என்றார் மனைவியிடம். "வீட்டுக்கு வேணுங்கறதெல்லாம் நானே செஞ்சுடுவேன்."

மனைவி தானிய மொத்த வியாபாரியின் மகள். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை அறிகிறவள். நேரே ஷெட்டுக்கு வந்து பார்த்தாள். தரையில் சாக்கட்டியால் திட்டம் வரைந்திருந்தது. சுவரோரம் ஒரு சின்னக் கட்டம்: வேலை மேசை. அதற்கு மேலே சுவரில் கருவிகள் மாட்டும் பலகை. மீதி ஷெட் முழுக்க வேறு கட்டங்கள்.

"இது என்ன?"

"நாற்காலி."

"இது?"

"அதுவும் நாற்காலி."

"பட்டறைக்கு நாலு சாய்வு நாற்காலி எதுக்குங்க?"

"பசை காய நேரமாகும்ல. அதுவரைக்கும் நின்னுட்டேவா இருக்க முடியும்?"

"அந்த மூலையில வட்டம் போட்டிருக்கே?"

"ரேடியோ. அளவெடுக்கறப்ப மனசு ஒருமுகமா இருக்கணும்."

"இருக்கறது மூணு பேரு. நாலாவது நாற்காலி யாருக்கு?"

"நாலா எடுத்தா விலை குறையுதுன்னான்" என்றார் அடக்கவிலையார். அது மட்டும் சத்தியமான உண்மை.

மனைவி முந்தானையால் கை துடைத்துக்கொண்டாள். "நல்லதுதான். ஆனா ஒரு விஷயம். வாட்டர் கேன்காரர் இந்த ஷெட்டை வாடகைக்குக் கேக்கறாரு. கேன் அடுக்கி வெச்சுக்க. நல்ல வாடகை சொல்றாரு. இருந்தாலும் உங்க ஆசைக்காக மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கச் சொல்றேன். எனக்கு அடுக்களையில மேல் தட்டு எட்டல. ரெண்டு படி வெச்ச ஸ்டூல் ஒண்ணு செஞ்சு குடுங்க. குடுத்தா ஷெட் உங்களுக்கு. இல்லேன்னா கேன்காரருக்கு."

பாத்திரக்கடைக்காரரின் மனைவி நாற்பது வருடமாக ஒரு பழைய அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறித்தான் மேல் தட்டை எட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்டூல்தானே, நாலு கால், இரண்டு பலகை. ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மூவரும் கருவி வாங்கப் போனார்கள். அவர்களுக்கு இது கல்யாணத்துக்குப் போவது மாதிரி. ஒரு சுத்தியல் கேட்டார்கள். ஒன்றின் விலையைக் கேட்டுச் சிரித்தார்கள். மூன்றாக எடுத்தால் ஒன்றுக்கு எவ்வளவு என்று கேட்டு, அரை மணி நேரம் வாதாடி, மூன்று சுத்தியலோடு வெளியே வந்தார்கள். ரம்பமும் அப்படியே. இழைப்புளி ஒன்றுக்கு இரண்டு உளி இலவசமாக வந்தது. டிரில் மெஷினுக்கு மட்டும் இரண்டு முறை கடையை விட்டு வெளியேறித் தெருமுனை வரை நடந்தார்கள். கடைக்காரர் கூப்பிட்டார். கருவிகள் மொத்தம் ஆறாயிரத்து முந்நூறு.

ஆணி மட்டும் படியவில்லை. ஆணிக்கடைக்காரர் எடைக்குத்தான் தருவேன் என்றார். கிலோவுக்கு விலை கேட்டதும் தராசு நிமிர்ந்தார். "இந்த விலைக்கு நான் இரும்பு வித்திருந்தா இன்னிக்கு ரயிலே வாங்கியிருப்பேன், அண்ணே." அந்தப் பேச்சுவார்த்தை எட்டு நாள் நீண்டது. எட்டு நாளும் பட்டறையில் மூன்று சுத்தியல் இருந்தன, அடிக்க ஓர் ஆணி இல்லை.

மரத்தைப் பிடித்துக்கொள்ளும் வைஸ் ஒன்றைத் தராசு தன் பழைய இரும்புக் கடையிலிருந்து எடைக்கு எடுத்துவந்தார். தொள்ளாயிரம். அதை மேசையில் பொருத்தியதும் மேசை ஒரு பக்கம் வணங்கி நின்றது. பிரம்பு பின்னிய பழைய சாய்வு நாற்காலி நாலு, மூவாயிரத்து முந்நூறு. நாற்காலிகள் வந்த அன்று மூவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ரேடியோவில் யாரோ தானிய விலை வாசித்தார்கள். டீ வந்தது. யாரும் "காலைத் தூக்குங்க" என்று சொல்லவில்லை.

"மச்சான்" என்றார் மைத்துனர் கண்ணை மூடிக்கொண்டு, "இதை விடக் கூடாது."

"விடறதாவது" என்றார் அடக்கவிலையார். "நாளைக்கே ஸ்டூலை ஆரம்பிக்கிறோம்."

ஆரம்பித்தார்கள். மைத்துனர் தன் கிடங்கிலிருந்து நல்ல மரச்சட்டம் கொண்டுவந்தார். ஆளுக்கு இரண்டு கால் அளந்து குறிப்பது என்று மைத்துனரும் தராசும் பங்கிட்டுக்கொண்டார்கள். ரம்பம் அடக்கவிலையாருக்கு. ஒரு பகல் முழுக்க அறுத்தார். நடுவில் ரம்பத்தின் பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு விவாதம் வந்து, டீ குடித்ததும் தீர்ந்தது. ஒருவழியாக நாலு காலும் பலகையில் ஏறின. ஸ்டூலைத் தரையில் வைத்தார்கள். அது கலியாண வீட்டுக் கிழவர் மாதிரி தலையாட்டியது.

தரை சரியில்லை என்றார்கள். இடம் மாற்றி வைத்தார்கள். அங்கேயும் ஆடியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. கடைசியில் காலைக் கழற்றி அடுக்கி வைத்தபோதுதான் விவரம் புரிந்தது. மைத்துனர் முப்பது வருடம் விற்றவர். டேப்பைப் பிடித்தால் அந்தக் கை தானாக விரல்கடை அளவு குறைத்துத்தான் கொடுக்கும். தராசு முப்பது வருடம் வாங்கியவர். அவர் கை விரல்கடை அளவு கூட்டித்தான் எடுக்கும். இரண்டு கால் குட்டை, இரண்டு கால் நெட்டை.

"உங்க கை ஏமாத்துது" என்றார் தராசு.

"உங்க கை மட்டும் என்ன, தர்மம் பண்ணுதா?" என்றார் மைத்துனர்.

இன்னொருமுறை வெட்டினார்கள். இந்தமுறை அவரவர் கையைப் பற்றி அவரவர்க்குத் தெரிந்திருந்ததால் மைத்துனர் வேண்டுமென்றே கூட்டினார், தராசு வேண்டுமென்றே குறைத்தார். குட்டை நெட்டையானது, நெட்டை குட்டையானது. மரம் தீர்ந்தது. மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது.

மூவரும் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்து யோசித்தார்கள். முதலில் வாய் திறந்தவர் மைத்துனர். "ஒரு கணக்கு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மரம், கூலி, நம்ம நேரம் எல்லாம் சேத்தா இந்த ஸ்டூல் ரெண்டாயிரத்துக்கு மேல விழுது. கடையில ரெடிமேடு ஆயிரத்துச் சொச்சம்."

வியாபாரிகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சாமான் கடையில் ஆயிரத்து இருநூறு சொன்ன ரெடிமேடு ஸ்டூலை அடக்கவிலையார் எழுநூற்று நாற்பதுக்குக் கொண்டுவந்தார். பட்டறைக்குக் கொண்டுவந்ததும் மூவரும் முதல்முறையாக உண்மையான உழைப்பில் இறங்கினார்கள். உப்புத்தாள் போட்டு வார்னிஷைத் தேய்த்தார்கள். கடைச் சீட்டைச் சுரண்டினார்கள். கால் இடுக்கில் பசையை வழியவிட்டார்கள். தராசு சுத்தியலால் அங்கங்கே நாலு தட்டுத் தட்டினார். எட்டு நாள் பேரம் பேசி வாங்கிய ஆணியில் ஒன்றைக் கோணலாக அடித்து அடையாளத்துக்கு விட்டார்கள். தள்ளி நின்று பார்த்தபோது அவர்களே செய்ததாக அவர்களுக்கே தோன்றிவிட்டது.

மாதக் கடைசி நாள் ஸ்டூல் அடுக்களைக்குப் போனது. முன்னால் அடக்கவிலையார், பின்னால் சாட்சிக்கு இருவர்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலைச் சுற்றி வந்தாள். குனிந்து அடியைப் பார்த்தாள். கையால் அழுத்தினாள், ஆடவில்லை. கோண ஆணியை விரலால் தடவினாள்.

"நீங்க மூணு பேருமா செஞ்சீங்க?"

"பின்னே?" என்றார் மைத்துனர். "கையைப் பாருக்கா, காப்பு காச்சிருக்கு." உப்புத்தாள் தேய்த்த காப்பு அது.

"நல்லா வந்திருக்கு" என்றாள் மனைவி. "இவ்வளவு நல்லா வரும்னு நான் நெனைக்கல. பக்கத்து வீட்டம்மாவும் இதே மாதிரி ஒண்ணுக்கு அலையறாங்க. எனக்கு அண்டாவே போதும், இதை அவங்களுக்குக் குடுத்துடலாம்னு பாக்கறேன். ஐந்நூறு தருவாங்க."

"ஐந்நூறா?" என்றார் அடக்கவிலையார்.

"ஏன், நம்ம கைவேலைதானே? வர்றவரைக்கும் லாபம். சரி, ஐந்நூத்தம்பது கேட்டுப் பாக்கறேன்."

இந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். மைத்துனர் அவர் சட்டையின் பின்புறத்தைப் பிடித்து இழுக்கவும் செய்தார். ஆனால் நாற்பது வருடப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டு வாய்க்கு வருவதில்லை. கை நெஞ்சுக்குப் போய்விட்டது.

"என்ன பேச்சு பேசறே? அடக்கமே எழுநூத்தி நாப்பது."

நாற்பது வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களிடம் அடக்க விலை சொன்னவர், வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையான அடக்க விலையைச் சொல்லியிருந்தார். அதுவும் மனைவியிடம். தராசு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மைத்துனர் அண்டாவை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

"எழுநூத்தி நாப்பது" என்றாள் மனைவி. "பரவாயில்ல, நல்லாக் கொறைச்சுத்தான் வாங்கியிருக்கீங்க." அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். "அப்ப கேன்காரருக்குச் சொல்லிடறேன்."

மறுநாள் காலை அடக்கவிலையார் தனியாக வாட்டர் கேன்காரரின் கடைக்குப் போனார். போகும் வழியெல்லாம் அந்த நாலு நாற்காலியும் கேனுக்கு இடம் விட்டு வெயிலில் நிற்பது மாதிரி கண்முன் தெரிந்தது. வங்கிக்குத் திரும்பப் போக முடியாது, காவலாளி முகம் தெரியும்.

கேன்காரர் நடுத்தர வயது ஆள். கேன்களை உருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த ஷெட் விஷயமா வந்தேன்."

கேன்காரர் ஒரு நொடி வெறுமனே பார்த்தார். பிறகு கையிலிருந்த கேனைக் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "சொல்லுங்க" என்றார்.

ஆழமான ஆள், என்று நினைத்துக்கொண்டார் அடக்கவிலையார். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை பார்.

"நீங்க விட்டுக் குடுக்கணும்."

"விட்டுக் குடுக்கறதுன்னா…" என்று கேன்காரர் மோவாயைத் தடவினார். "எனக்கு நஷ்டமாச்சேங்க."

"எவ்வளவு நஷ்டம்னு சொல்லுங்க."

"நான் என்னத்தைச் சொல்ல. ஷெட்டோட மதிப்பு என்னைவிட உங்களுக்குத்தானே தெரியும்."

எதிராளியை முதலில் விலை சொல்ல வைப்பது கடைத்தெருவின் முதல் பாடம். அடக்கவிலையாருக்கு எரிச்சலோடு மரியாதையும் வந்தது. "காலை வெளிச்சம் நல்லா வரும், அதை நான் மறுக்கல" என்றார்.

"அந்த வெளிச்சம் ஒண்ணுதாங்க எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது" என்றார் கேன்காரர்.

டீ வந்தது. ஒரு மணி நேரம் போனது. அடக்கவிலையார் ஒருமுறை எழுந்து வாசல்வரை போனார். வழக்கமாகக் கூப்பிடுவார்கள். இவர் கூப்பிடவில்லை, அவரே திரும்பி வந்தார். கடைசியில் ஒரு சுத்தியல், வாரம் இரண்டு கேன் தண்ணீர் நிரந்தர வாடிக்கை என்று முடிந்தது. கேன்காரர் பெருமூச்சு விட்டு, "உங்க முகத்துக்காக" என்றார்.

அன்று மதியமே முதல் இரண்டு கேனை அவர் தானே கொண்டுவந்தார். வீட்டு வாசலில் அடக்கவிலையாரும், காலையில் எங்கே போனார் என்று கேட்டு நின்ற மனைவியும், ஷெட்டுக்காக அவளிடம் நியாயம் கேட்க வந்த இரண்டு கூட்டாளிகளும் இருந்தார்கள். கேன்காரர் தோளில் கேனோடு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"எங்கேங்க வைக்கணும்? அந்த ஷெட் எந்தப் பக்கம் இருக்கு?"

அடக்கவிலையார் அவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது.

"வேற ஒரு பார்ட்டி கேட்டுட்டுப் போயிருக்காரு, இப்ப எடுக்கலேன்னா கைமாறிடும்." தன் வாழ்நாளில் எத்தனை குடம், எத்தனை அண்டா அந்த ஒரு வாக்கியத்தில் விற்றிருப்பார். கடைசியில் அதையே அவருக்கு விற்றிருக்கிறாள்.

"அவர் கேக்கவே இல்லையா?"

"கேன்காரரா? அவரு தண்ணி போட வந்தா வாசல்லயே வெச்சுட்டுப் போறவரு. நம்ம வீட்டுல ஷெட் இருக்கறதே அவருக்குத் தெரியாது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"சுத்தியலும், வாரம் ரெண்டு கேனும்" என்றார் கேன்காரர் பணிவாக. இல்லாத உரிமையை நல்ல விலைக்கு விற்றவரின் பணிவு அது. "சுத்தியல் நல்ல இரும்புங்க."

"முக்கால் கிலோ" என்றார் தராசு.

கேன்காரர் போனபிறகு அடக்கவிலையார் ஷெட்டின் வாசலில் நின்று கேட்டார், "ஏன் இந்த வேலை? சும்மா கேட்டிருந்தா குடுத்திருப்பியா, மாட்டியா?"

"முதல் நாளே குடுத்திருப்பேன். என் அடுக்களையை விட்டு நீங்க போனாப் போதும்னு இருந்தேன். ஆனா சும்மா குடுத்தா நீங்க வாங்கியிருப்பீங்களா? இதுல என்ன ஓட்டைன்னு திருப்பித் திருப்பிப் பாத்திருப்பீங்க."

அவர் அப்படித்தான் பார்த்திருப்பார்.

"அப்ப ஷெட்?"

"உங்களுக்குத்தான். கடையில வாங்கின ஸ்டூலும் எனக்குத்தான், அதைத் திருப்பித் தர மாட்டேன். ஆனா பேசினது கையால செஞ்சது. அது பாக்கி." அவள் உள்ளே போய் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, சுவரில் மாட்டிய கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அடுக்களையில நீங்க உட்கார்ந்து யோசனை சொன்னீங்கல்ல. இனிமே நான் இங்க உட்கார்ந்து சொல்லுவேன். முதல்ல அந்த டேப்பை என் தம்பி கையிலேருந்து வாங்குங்க."

ஆகக் கணக்கு இப்படி முடிந்தது. கருவிகள் ஆறாயிரத்து முந்நூறு. வைஸ் தொள்ளாயிரம். நாற்காலி நாலு, மூவாயிரத்து முந்நூறு. ஸ்டூல், உண்மையான அடக்கத்தில், எழுநூற்று நாற்பது. ஆகச் செலவு பதினோராயிரத்து இருநூற்று நாற்பது, இரண்டு சுத்தியல் கையிருப்பு. வரவு, மூன்று பேர் சும்மா உட்கார இடம், மேற்பார்வைக்கு ஓர் ஆள். பாக்கி, ஆடாத ஸ்டூல் ஒன்று. கெடு கிடையாது. வட்டி மட்டும் வாரம் இரண்டு கேன் தண்ணீர்.